செனட்டுக்கு ஓர் அளவுகோல், ஆளுநர் பதவிக்கு வேறொன்று

2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 35 இடங்களுக்கும் 36 மாநிலங்களின் ஆளுநர் பதவிக்கும் தேர்தல். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். இந்திய மாநில முதல்வரைப் போல ஆட்சியையே நடத்துபவர். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று பார்க்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கருத்துக்கணிப்பு, நிபுணர் மதிப்பீடு, பந்தயச் சந்தை, அப்புறம் அந்த மாநிலம் கடந்த அதிபர் தேர்தலில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற பழைய கணக்கு. செனட்டுக்கு நான் கடைசி வழியில்தான் தொடங்குவேன். ஆளுநர் தேர்தலில் அதை நம்பினால் ஏமாற்றம்தான்.

கருத்துக்கணிப்பின் பலவீனத்துக்கு மேய்ன் மாநிலத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. 2020இல் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ், கடைசி மாதங்களில் வந்த ஏறக்குறைய எல்லாக் கணிப்புகளிலும் பின்தங்கியிருந்தார். முடிவில் எட்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். சரி, கணிப்புகள் எப்போதும் ஜனநாயகக் கட்சியைத் தூக்கித்தான் காட்டும் என்று வைத்துக்கொண்டு சில புள்ளிகளைக் கழித்துவிடலாமா? முடியாது. நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தலில் 2021இல் ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி சுலபமாக ஜெயிப்பார் என்றார்கள். மூன்று புள்ளிகளில் தப்பினார். மான்மத் பல்கலைக்கழகத்தின் கணிப்பு அவருக்கு 11 புள்ளி முன்னிலை தந்திருந்தது. அதே மாநிலத்தில் 2025இல் அதே கட்சியின் மிக்கி ஷெரில் நெருக்கமான போட்டியில் இருப்பதாகப் பல கணிப்புகள் காட்டின. அவர் 13 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஒரே ஊர், நான்கே வருட இடைவெளி, பிழை எதிர்த்திசையில்.

நிபுணர் மதிப்பீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குக் பொலிட்டிக்கல் ரிப்போர்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கிரிஸ்டல் பால் இரண்டும் நிதானமானவை. ஆனால் கடும் போட்டியில்தான் நமக்கு உதவி தேவை, அங்கேதான் குக் ‘இழுபறி’ என்று நிறுத்திக்கொள்ளும். 2024 செனட் தேர்தலில் அது அப்படி வைத்த மிச்சிகன், விஸ்கான்சின், ஒஹாயோ, பென்சில்வேனியா நான்கும் இரு கட்சிகளுக்கும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தன.

பந்தயச் சந்தையில் சொந்தப் பணம் போடுகிறவர்கள் யோசித்துத்தான் போடுவார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 2024 அதிபர் தேர்தலில் டிரம்ப் பக்கம் சாய்ந்து பாலிமார்க்கெட் என்ற பந்தயத் தளம் சரியாகச் சொன்னது. ஆனால் 2022இல் செனட் குடியரசுக் கட்சிக்கே என்று சந்தைகள் சாய்ந்திருந்தன. ஜனநாயகக் கட்சித் தரப்பு 51 இடங்களோடு முடித்தது. குடியரசுக் கட்சியின் ‘சிவப்பு அலை’ என்ற பேச்சு அந்த நேரத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. பந்தயம் கட்டியவர்களும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

மாநிலச் சாய்வுக்கு வருவோம். குடியரசுக் கட்சியின் லேரி ஹோகன், ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த மேரிலாந்தில் இரண்டு முறை ஆளுநராக வென்ற, மாற்றுக் கட்சியினரும் விரும்பிய மனிதர். 2024இல் செனட்டுக்கு நின்றார், ஏறக்குறைய 12 புள்ளிகளில் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் ஃபில் பிரெடசன் 2006இல், குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த டென்னசியின் 95 கவுண்டிகளையும் (மாவட்டங்கள் போன்றவை) வென்ற ஆளுநர். 2018 செனட் தேர்தலில் அவருக்கும் 11 புள்ளி அளவில் தோல்வி. டிரம்ப் பக்கம் சாய்ந்த மொன்டானாவில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் புல்லக்குக்கு 2020 செனட் தேர்தலில் அதே கதி. டிரம்ப் 2024இல் 30 புள்ளிகளில் வென்ற கென்டக்கியிலோ, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆளுநராக மறுபடி வென்றிருந்தார். ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த வெர்மான்டில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட் 70 சதவீதத்துக்கு மேல் வாங்குகிறார். ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளத்தில் யார் வந்து நின்றார், பள்ளிக்கு யார் பணம் ஒதுக்கினார் என்று பார்க்கிறார்கள். செனட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது வாஷிங்டனில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை, எந்தக் கட்சியின் நீதிபதிகள் என்று பார்க்கிறார்கள். அதனால்தான் ஆளுநர் போட்டியில் சாய்வை ஓரமாக வைத்துவிட்டு, பிழைகள் தெரிந்தே கணிப்புகளின் சராசரியைப் பார்க்கிறேன்.

இருந்தாலும் சாய்வு தலைவிதி அல்ல. ஹோகன் தன் மாநிலத்தின் சாய்வில் பாதிக்கும் மேல் சரிக்கட்டினார். மலை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அதை வைத்துப் பார்த்தால் வட கரோலினாவில் 2024இல் டிரம்பின் வித்தியாசம் மூன்று புள்ளி சொச்சம். அங்கே செனட் களத்தில் இருக்கும் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் ஆளுநர் ராய் கூப்பருக்கு அது எட்டிவிடும் தூரம், அவர் பக்கம்தான் நான். ஒஹாயோவில் 11 புள்ளி. இந்த முறை மறுபடி செனட்டுக்கு நிற்கும் ஜனநாயகக் கட்சியின் ஷெரட் பிரௌன், 2024இல் அதில் ஏழெட்டைக் குறைத்தும் தோற்றார். டிரம்ப் அதிபராக இருந்த 2018 இடைக்காலத் தேர்தலிலோ, 2016இல் டிரம்புக்கு எட்டுப் புள்ளி தந்திருந்த அதே மாநிலத்தில், ஏறக்குறைய ஏழு புள்ளிகளில் வென்றவர். இந்த ஆண்டு 2018ஐப் போல அமைந்தால் ஒஹாயோ அவருக்கு.

எனக்குத் தயக்கம் மேய்ன் மேல்தான். 2024இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் ஏழு புள்ளிகளில் வென்ற மாநிலம். சாய்வின்படி காலின்ஸ் தோற்க வேண்டும். 2020இலும் தோற்றிருக்க வேண்டும், பைடன் அங்கே ஒன்பது புள்ளிகளில் வென்றார். இந்த முறை மேய்ன் கணிப்புகளில் யார் முன்னிலை என்பதை நான் பார்க்கப்போவதில்லை. ஹாரிஸுக்கு ஓட்டுப்போட்டவர்களில் எத்தனை பேர் காலின்ஸுக்கும் போடுவேன் என்கிறார்கள், அந்த ஓர் எண்ணைத் தேடிப் பார்ப்பேன்.