120 வோல்ட் கேக் மிக்சரை "230க்கு மாத்தித் தாறம்" என்றால் கொடுத்துவிடாதீர்கள்

கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பிய கிச்சன் எய்ட் மிக்சர், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கேக் செய்து விற்கும் வீடுகளில் இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்க்கிற வகையில் அப்படி ஒன்றைத் திருத்தக் கொடுத்து, 18,500 ரூபா கட்டி, கொடுத்ததை விடப் பழுதாகத் திரும்ப எடுத்திருக்கிறோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

கொடுக்கும்போது இருந்த பழுது இதுதான்: மோட்டர் ஓடுகிறது, பீற்றர் சுற்றவில்லை. பணிஸ் மாவை 4ஆம் வேகத்தில் போட்டுக் குழைத்ததால் வந்தது. மா குழைக்க 2ஆம் வேகத்துக்கு மேல் போகவே கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு பீற்றர் பூட்டும் தண்டைக் கையால் சுற்றினால் தடையே இல்லாமல் சுற்றும், அல்லது டக் டக்கென்று வழுக்கும். அப்படியென்றால் உள்ளே இருக்கிற வோர்ம் கியரின் பல்லுத் தேய்ந்துவிட்டது. பாரம் தாங்க முடியாமல் போனால் மோட்டருக்குப் பதிலாக இது முதலில் போகட்டும் என்றுதான் அந்தச் சக்கரத்தை மற்றவற்றை விட மென்மையான பொருளில் செய்திருக்கிறார்கள். தனியாக வாங்கிப் போடலாம்.

கடையில் சொன்னது, "மோட்டர் எரிஞ்சிற்று அக்கா, கொயில் கட்டோணும்." ஓடுகிற மோட்டர் எப்படி எரிந்ததாகும்? அதை அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். "கட்டுறதோட 230க்கும் மாத்தித் தாறம், இனி ட்ரான்ஸ்போமர் தேவையில்ல" என்றதும் சம்மதித்துவிட்டோம். ட்ரான்ஸ்போமர் என்பது 230 வோல்ட்டை 120க்கு இறக்கித் தரும் பெட்டி.

வீட்டில் திறந்து பார்த்தபோது கொயில் கட்டிய அடையாளமே இல்லை. புதுக் கம்பியும் இல்லை, புது வார்னிஷும் இல்லை, பழைய கொயிலின் மேல் கறுத்த தூசு அப்படியே இருந்தது. 230க்கு மாற்றியது என்பது வயரின் நடுவே வைத்திருந்த ஒரேயொரு டயோட். நிலக்கடலைப் பருப்பளவு கறுப்பு உருளை, ஒரு முனையில் வெள்ளிக் கோடு, மேலே இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப். அவ்வளவுதான்.

இது பழைய தந்திரம். டயோட் கறன்ட்டின் அலையில் ஒரு பாதியை வெட்டுகிறது. பாதி அலை என்றால் பாதி வோல்ட், 115 என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பிழை. 230ஐ 1.414ஆல் பிரிக்க வேண்டும், வருவது 163 வோல்ட். அதைவிட மோசம் அலையின் உச்சம். 120 வோல்ட் லைனில் உச்சம் 170 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் லைனில் 325. டயோட் உச்சத்தைக் குறைப்பதில்லை. 170ஐத் தாங்கச் செய்த வேகக் கட்டுப்பாட்டு சர்க்கிட் போர்ட்டுக்கு ஒவ்வொரு அலையிலும் 325 அடிக்கிறது. முதல் நாள் ஓடும், அதனால் நம்பிவிடுவோம். பிறகு அந்த போர்ட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரையக் போகும், சுற்றும் பகுதிக்குக் கறன்ட் கொடுக்கிற கரித்துண்டான காபன் பிரஸ்ஸில் பொறி கூடும், கடைசியில் மோட்டர் உண்மையாகவே எரியும். சரியாக மாற்றுவதென்றால் சர்க்கிட் போர்ட், ஆமேச்சர் (மோட்டரில் சுற்றும் பகுதி), ஃபீல்ட் கொயில் (அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் கொயில்) எல்லாவற்றையும் 220–240 வோல்ட் வகைக்கு மாற்ற வேண்டும். அந்தக் காசுக்கு அது பெறுமதி இல்லை.

பிளக்கில் செய்திருந்தது இன்னும் பயங்கரம். வட அமெரிக்க வயரில் கறுப்புத்தான் உயிர்க் கம்பி, வெள்ளை நியூட்ரல், பச்சை ஏர்த். இங்கே பழைய வயரிங்கில் சிவப்பு உயிர், கறுப்பு நியூட்ரல். அந்தப் பழக்கத்தில் கறுப்பை நியூட்ரலில் பூட்டியிருந்தார்கள். அப்போது சுவிச்சு நியூட்ரலைத்தான் வெட்டும். மெஷின் நின்றிருந்தாலும் உள்ளே கறன்ட் நிற்கும். பச்சைக் கம்பியை ஒட்ட வெட்டி உள்ளே மடித்து விட்டிருந்தார்கள். முழு உடம்பும் உலோகமான மெஷின், ஈரக் கையால் தொடுகிற மெஷின், ஏர்த் இல்லாமல்! சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.

கியரை மாற்றியது உண்மை. ஆனால் "அப்கிரேட்" என்று சொல்லி இரும்புச் சக்கரம் போட்டிருந்தார்கள். நல்லதுபோலக் கேட்கும். இனி மா இறுகினால் உடைவதற்கு மென்மையான சக்கரம் இல்லை, அடி முழுவதும் மோட்டருக்கு. பழைய கிறீஸை வழிக்காமல் அதன் மேலேயே வாகனத்துக்குப் போடும் கிறீஸை அப்பியிருந்தார்கள். இரண்டு வகை கலந்தால் இளகி எண்ணெய் பிரியக்கூடும். இரண்டாவது பட்டர் கேக் அடிக்கும்போது பீற்றர் தண்டு வழியே மஞ்சள் எண்ணெய் கலவைக்குள் இறங்கியது. அந்தக் கலவை முழுவதையும் கொட்ட வேண்டி வந்தது. பீற்றர் தண்டைப் பிடிக்கிற பின்னுக்குப் பதில் வெட்டின ஆணி ஒன்று வேறு.

கை வேலை தெரிந்தவர் இதை வீட்டில் செய்யலாம். பிளக்கைக் கழற்றுங்கள். தலையின் அடியிலுள்ள உலோக வளையத்தைத் தட்டை ஸ்குறூ ட்ரைவரால் மெல்ல நெம்பி இறக்கி, தண்டின் பின்னை 4 மில்லிமீற்றர் பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள். பீற்றர் பூட்டும் பகுதியை இரண்டு ஸ்குறூ ட்ரைவரால் இரு பக்கமும் சமமாக நெம்பினால் இறங்கும். அதற்கு மேலே ஐந்து ஸ்குறூ, பின் மூடியைக் கழற்றினால் பின்பக்கம் நான்கு. அவற்றையும் கழற்றினால் மேல் பாதி தூக்கி வரும். பழைய கிறீஸைத் துளியும் விடாமல் வழித்துத் துடையுங்கள். பல்லின் துகள் அதற்குள்தான் கிடக்கும். கம்பனி வோர்ம் கியரும், இரு பாதிக்கும் நடுவே வைக்கும் புது காஸ்கட்டும் போட்டு, தற்செயலாக உணவில் பட்டாலும் பாதகமில்லாத எச்1 வகை என்று எழுதிய, என்.எல்.ஜி.ஐ. 2 தடிப்புள்ள கிறீஸ் 170 கிராம் அளவில் போடுங்கள். காபன் பிரஸ்ஸையும் பாருங்கள், தலையின் இரு பக்கமும் கறுப்பு மூடிக்குள் இருக்கும். 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரண்டையும் மாற்றுங்கள். நல்லதாக இருந்தால் வந்த பக்கமாகவே திரும்பப் போடுங்கள், வளைவு மோட்டருக்குப் பொருந்த வேண்டும்.

ட்ரான்ஸ்போமர் கட்டாயம். 300 வாட் மிக்சருக்குக் குறைந்தது 500, முடிந்தால் 1000 வீ.ஏ. (ட்ரான்ஸ்போமர் தாங்கும் பாரத்தின் அளவு, அதன் மேல் எழுதியிருக்கும்). கையில் தூக்கினால் கனக்க வேண்டும். பயணத்துக்கென்று விற்கும் கைக்கடக்கமான பெட்டி மோட்டருக்கு ஆகாது. ஏர்த் முள் போகும் துளையுள்ள சொக்கட் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கடைக்குத்தான் கொடுக்க வேண்டுமென்றால், கொடுக்கும் முன் ஓடவிட்டு வீடியோ எடுங்கள். கழற்றிய பழைய பல்லையும் பிரஸ்ஸையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். "திருத்தம்" என்று ஒற்றைச் சொல்லில் வரும் பில்லை வாங்காதீர்கள். என்ன மாற்றினது, என்ன விலை, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுத வேண்டும். எங்கள் பில்லில் "மோட்டர் கொயில்" என்று எழுதியிருந்தது. கட்டாத கொயிலுக்கு வாங்கிய காசுக்கு அந்த ஒரு வரிதான் கையிலுள்ள சாட்சி. அதையும் டயோட்டின் படத்தையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்புகிறோம். அவர்களின் இலக்கம் 1977. வேலை செய்து தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.