ஹெல்த்ஹப் செயலி: எண்ணோடு அலகையும் பாருங்கள்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், மருத்துவரைப் பார்க்கும் முன்பே முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுவதும் உண்டு. 2015இல் தொடங்கிய அரசாங்கச் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப்பின் பெரிய பலமே இதுதான். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு, அடுத்த சந்திப்பு நாள், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் இது முக்கியமாக அரசாங்க மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் தரும் விவரம். தனியார் கிளினிக்கில் எடுத்த சோதனையும் இதில் வந்திருக்கும் என்று நம்பி அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முடிவைத் திருச்சியில் இருக்கும் அண்ணனுக்கோ மதுரையில் இருக்கும் மருத்துவர் சித்தப்பாவுக்கோ அனுப்பும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. இங்கே சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்கிறார்கள், அங்கே டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) இத்தனை மில்லிகிராம் என்று. வெறும் வயிற்றில் 5.4 என்று இங்கிருந்து போனால், ஊர்க் கணக்கில் அது 97. 18ஆல் பெருக்கினால் போதும். நீரிழிவு என்று சொல்லும் எல்லை இங்கே 7.0, அங்கே 126, இரண்டும் ஒன்றே. கொலஸ்டிராலுக்கு 38.67ஆல் பெருக்க வேண்டும், கெட்ட கொலஸ்டிராலான எல்டிஎல் 2.6 என்பது ஊரில் ஏறத்தாழ 100. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் மட்டும் நேர்மாறு: இங்குள்ள எண்ணை 88.4ஆல் வகுக்க வேண்டும். 90 என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. ஊர்க் கணக்கில் அது வெறும் 1.02.

இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி இங்கும் ஊரிலும் சதவீதத்திலேயே வருவதால் அப்படியே ஒப்பிடலாம். ஆனால் அதைச் சர்க்கரை எண்ணோடு போட்டுக் குழப்பாதீர்கள். எச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் அந்த மாதங்களின் சராசரி சர்க்கரை சுமார் 8.6 மில்லிமோல், அதாவது 154 மில்லிகிராம். செயலியின் திரையை அப்படியே படமெடுத்து அனுப்பும்போது அலகு எழுதிய பகுதி வெட்டுப்பட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அலகு, தேதி, வெறும் வயிற்றில் எடுத்ததா என்ற மூன்றும் கூடப் போகட்டும்.

முடிவுக்குப் பக்கத்தில் இயல்பளவு போட்டிருக்கும். அதைத் தாண்டினாலே நோய் என்று பொருள் இல்லை. ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும்படி அமைத்த எல்லை அது. நலமாக இருப்பவர்களிலேயே 20 பேரில் ஒருவர் வெளியே நிற்பார். பொட்டாசியம் கொஞ்சம் உயர்ந்திருந்தால், எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்து அதிலிருந்து கசிந்ததாக இருக்கலாம். முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவையே திருப்பிப் போடும். சுரப்பி அதிகமாக வேலை செய்வதுபோல் காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும்போதே தாதியிடம் சொல்லிவிடுங்கள். இந்த விளக்கமெல்லாம் முடிவுக்குக் கீழேயே நாலு வரியில் இருந்திருக்க வேண்டும். செயலியில் நான் குறையாகப் பார்ப்பது இதைத்தான்.

மருந்துப் பக்கங்களை மனம்விட்டுப் பாராட்டலாம். எதற்குக் கொடுக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுவது, ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது, எந்தப் பக்கவிளைவுக்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து வரும் மாத்திரைப் பட்டையின் பெரிய எழுத்துப் பெயரைப் போட்டால் பெரும்பாலும் எதுவும் வராது. அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் போடுங்கள்: கிளைக்கோமெட் என்றால் மெட்ஃபார்மின், தைரோநார்ம் என்றால் லெவோதைராக்ஸின். அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரோகிராமும் 0.1 மில்லிகிராமும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் உயிருக்கே ஆபத்தான ஒரு பிழை நடக்கிறது. பனடோல் ஒரு மாத்திரை 500 மில்லிகிராம் பாரசிட்டமால்; பெரியவர்களுக்கு ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது, அதாவது 4 கிராம். ஊரில் விற்கும் டோலோ 650இலும் இருப்பது அதே பாரசிட்டமால், ஆனால் மாத்திரைக்கு 650 மில்லிகிராம். "எட்டு வரை சாப்பிடலாம்" என்று எங்கோ படித்ததை டோலோவுக்குப் பொருத்தினால் 5.2 கிராம் உள்ளே போய்விடும். அதோடு சளி மாத்திரையும் சேர்ந்தால் அதிலும் பாரசிட்டமால் இருக்கலாம். பாதிக்கப்படுவது கல்லீரல், அதுவும் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. பகிரும்போது மாத்திரை எண்ணிக்கையைச் சொல்லாமல் மில்லிகிராமைச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் வரும் "இயற்கை மூட்டுவலிப் பொடி" போன்றவற்றுக்கு ஹெல்த்ஹப் உதவாது. சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் எச்சரிக்கைகளைத் தேடுங்கள். ஆயுர்வேத மருந்துகளுக்கு இங்கே விற்பனைக்கு முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்பதால், ஆணையத்தின் மருந்துப் பதிவேட்டில் பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இரண்டே நாளில் வலி முழுதும் போய்விட்டதா? சந்தேகப்படுங்கள். இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை ஆணையம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பல வாரம் சாப்பிட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் உடல் தன் ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். பொடியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

படம் அனுப்பும் முன் இன்னொன்று. 2018இல் அரசாங்க மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினியில் ஊடுருவி 1.5 மில்லியன் நோயாளிகளிடமிருந்து திருடியவை பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்றவை. பரிசோதனைத் தாளின் மேல்பக்கத்தில் இருப்பதும் இவைதாம். அந்தப் பகுதியையும் பட்டைக்குறியையும் (பார்கோடு) வெட்டிவிட்டு அனுப்புங்கள். அம்மா அப்பாவின் முடிவுகளைக் கவனித்துக்கொள்வதற்காக அவர்களின் சிங்பாஸ் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளவே வேண்டாம். அது அவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மசேநிதிக்கும் (மத்திய சேமநிதி) சாவி. பராமரிப்பாளர் அனுமதி என்ற வசதி செயலியிலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கைப்பேசியிலேயே உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்.