ஓவர்கிளாக் செய்து தருகிறோம் என்று பணம் கேட்கும் கடைகள்: கவனம்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் "ஓவர்கிளாக் பண்ணித் தர்றோம், அதுக்குத் தனியா கொஞ்சம் ஆகும்" என்று சொன்னால், முதலில் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். ஓவர்கிளாக் என்பது பிராசஸரை நிறுவனம் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது. இன்டெல் கோர் வகை என்றால் எண்ணுக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து இருக்க வேண்டும் (கேஎஃப், கேஎஸ் என்றாலும் சரி). அது இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

என் தம்பியிடம் இப்படித்தான் 3,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கோவை காந்திபுரத்தில் ஒரு கடை. வீடியோ எடிட்டிங்குக்காக அவன் வாங்கியது ஐ5-12400எஃப் பிராசஸர், எச்610 மதர்போர்டு. டெலிவரி அன்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். கீழே அடிப்படை வேகம் 2.50 கிகாஹெர்ட்ஸ், பக்கத்தில் ஓடும் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ். "பாருங்க தம்பி, கம்பெனி குடுத்தது ரெண்டரை. நாங்க நாலாக்கி வச்சிருக்கோம்."

அப்பட்டமான பொய். அந்தப் பிராசஸர் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதுமே அப்படித்தான் ஓடும். 2.5 என்பது அதன் அடிப்படை வேகம் மட்டுமே. வேலை வரும்போது டர்போ பூஸ்ட் தானாகவே அதிகபட்சம் 4.4 வரை தூக்கும். ஆறு கோர்களும் சேர்ந்து உழைத்தால் 4 பக்கம் நிற்கும். இதில் கடைக்காரரின் கை எங்கேயும் படவில்லை. நான் பயாஸைத் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) திறந்து பார்த்தபோது எல்லாம் டிஃபால்ட்டில் இருந்தது. விசிறியை மட்டும் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும்படி வைத்திருந்தார்கள். அந்த இரைச்சலைக் கேட்டால் ஏதோ பெரிய வேலை நடந்திருக்கிறது என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அடுத்து நடந்ததில்தான். சில மாதங்களில் டிஸ்பிளே வராமல் போனது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஓவர்கிளாக் பண்ண சிஸ்டம்ங்க இது, வாரண்டி வராது" என்று கைவிரித்துவிட்டார்கள். செய்யாத வேலைக்குக் காசும் வாங்கிக்கொண்டு, அதையே காரணம் காட்டி வாரண்டியையும் மறுத்தால் என்ன நியாயம்? மதர்போர்டு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு பில்லோடு நேரே போனோம். சீரியல் எண்ணைப் பார்த்தார்கள், வேறு போர்டு மாற்றிக் கொடுத்தார்கள்.

நீங்களே சரிபார்க்க சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மல்டிபிளையர் (பஸ் வேகம் என்ற அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) என்ற வரியில் ஒரு வரம்பு தெரியும். 12400எஃப்-க்கு மேல் எல்லை 44, பஸ் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் வருவது அதே 4.4. பஸ் வேகத்தை ஏற்றி இந்த வகையையும் ஓவர்கிளாக் செய்யும் வசதி விலை கூடிய சில போர்டுகளில் உண்டு. சாதாரண எச்610-இல் கிடையாது.

உண்மையிலேயே ஓவர்கிளாக் ஆசை இருந்தால் இன்டெலில் கே வகைப் பிராசஸரோடு இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை மல்டிபிளையரை மாற்றப் பூட்டு இல்லாதவை, பி550 மாதிரி போர்டிலேயே செய்யலாம், ஏ520-இல் முடியாது. அப்புறம் நல்ல கூலர். மல்டிபிளையரை ஒரு படி மட்டும் ஏற்றி, பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். 12ஆம் தலைமுறை ஐ5 100 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதுவரை விடாதீர்கள். வோல்டேஜில் அவசரமாகக் கை வைக்கவே வேண்டாம், பிராசஸரைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி தராது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் பில்லில் ஓவர்கிளாக்கிங் கட்டணம் தனி வரியாக அச்சாகியிருந்தது. அதையும் சிபியு-இசட் படத்தையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இதே மாதிரி வரி இருந்தால் நீங்களும் கொடுங்கள்.