பழைய போன்: கம்பெனி மென்பொருளா, லினேஜ் ஓஎஸ்ஸா?

கொழிஞ்சாம்பாறையில் என் தங்கச்சி மகன் படிக்கிற அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற இலவச மென்பொருள்தான். கேரளாவில் அது வழக்கம். அந்தத் தைரியத்தில் கேட்டான்: "மாமா, அம்மா போனையும் மாத்திரலாமா?"

கம்பெனி மென்பொருளை அப்படியே விட்டால் யுபிஐ சிக்கலில்லை. ஆனால் அப்டேட் நின்றுபோச்சு, போனோடு வந்த வேண்டாத ஆப் பலதையும் சுலபமாக நீக்க முடியாது.

லினேஜ் ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டை வைத்து ஆர்வலர்கள் செய்யும் இலவச மென்பொருள்; அதேபோல முன்பு இருந்த சயனோஜென்மாட் 2016 கடைசியில் நின்றதும் கிளம்பியது. மாடல் அதன் பட்டியலில் இருந்தால் புது ஆண்ட்ராய்டு கிடைக்கும். அதைப் போட, போனைக் கிளப்பிவிடும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கணும்; திறந்ததும் போட்டோவெல்லாம் அழியும், முதலில் பேக்கப். பேங்க் ஆப் சிலது முரண்டு பிடிக்கும். சில கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை. காசு என்னுது, சாவி அவங்களிடம்!

தங்கச்சி போனைத் தொடவில்லை. மேஜையில் கிடந்த என் பழசில் போட்டோம். போன் கிளம்பும்போது திரையில் லினேஜின் வளைகோட்டில் வட்டம் ஓடிக்கொண்டே இருக்க, பையன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.