கையில் ஒட்டும் சுகர் சென்சர்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

சுகருக்கு மாத்திரை மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சென்சர் தேவையா என்று வெள்ளவத்தையில் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். விட்டு விட்டு இரண்டு வருடமாகப் பாவிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேவை, ஆனால் எந்நாளும் இல்லை.

கையின் மேற்பகுதியில், பின்பக்கமாக ஒட்டுகிற சின்ன வில்லை இது. அடியில் உள்ள மெல்லிய இழை தோலுக்குக் கீழே அரை சென்ரிமீற்றர் போய் நின்று, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் குளுக்கோஸை அளக்கும். நான் பாவிக்கிறது 14 நாள் நிற்கும். விரலில் குத்திப் பார்த்து அளவீட்டைத் திருத்தத் தேவையில்லாத இந்த வகை ஐரோப்பாவில் 2014இல் விற்பனைக்கு வந்தது. இன்சுலின் போடாதவர்கள் மருத்துவரின் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய மாதிரிக்கு அமெரிக்காவில் 2024இல்தான் அனுமதி கிடைத்தது.

கிளினிக்கில் எல்லாரும் பார்ப்பது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. அது 7 சதவீதம் என்றால் சராசரிச் சுகர் ஏறத்தாழ 154 (மி.கி./டெ.லீ.). நாள் முழுக்க 150க்குக் கிட்ட நிற்கிறவருக்கும், 80க்கும் 240க்கும் இடையில் ஏறி இறங்குகிறவருக்கும் ஒரே 7 வரலாம். என் ரிப்போர்ட் எப்போதும் ‘பரவாயில்லை’ ரகம். சென்சர் ஃபோனில் காட்டுகிற ஏற்ற இறக்கக் கோட்டைப் பார்த்த பிறகுதான் காலைச் சாப்பாடு செய்கிற வேலை தெரிந்தது.

வெள்ளை இடியப்பம் ஐந்து, சொதி, சம்பல். ஒரு மணித்தியாலத்தில் 220ஐத் தாண்டிவிடும். அதே இடியப்பத்தை மூன்றாகக் குறைத்து, அதற்கு முதல் அவித்த முட்டையும் பருப்புக் கறியும் சாப்பிட்டால் 170க்குள் நிற்கும். சிவப்பு மா இடியப்பம் பற்றி நிறையப் பெருமை பேசுவார்கள்; எனக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். சாப்பிட்ட கையோடு மரீன் டிரைவில் அரை மணித்தியாலம் நடந்தால் கோடு கண்ணெதிரே சரியும். இதைப் போல என்னை நடக்க வைத்த வைத்தியர் ஒருவரும் இல்லை.

“தம்பி, பனங்கட்டி ஒண்டும் செய்யாது” என்று மாமி பிளேன் ரீயோடு நீட்டுவார். செய்கிறது மாமி, சீனி செய்கிற அதே வேலையை. ஃபோனைக் காட்டியும் அவர் நம்பவில்லை, அது வேறு கதை.

சரி, குறைகளுக்கு வருவோம். கொழும்பு வியர்வைக்குப் பசை தாங்காது. மேலே ஒரு பிளாஸ்ரர் ஒட்டியே ஆக வேண்டும். பஸ் நெரிசலில் ஒன்று உரசிக் கழன்று போனது. வாங்கிய பார்மசியில் கேட்டால், “மாத்தித் தரமாட்டினம் அண்ணை” என்று முடித்துவிட்டார்கள். சென்சர் பட்ட கைப்பக்கம் அமர்த்திப் படுத்தால் நடுச்சாமத்தில் 60 என்று அலாரம் அடிக்கும். விரலில் குத்திப் பார்த்தால் 105. அழுத்தத்தால் வருகிற பொய் இறக்கம் அது. பயந்து போய் சீனித்தண்ணி குடிக்க வேண்டாம். முதல் நாள் அளவீடு அவ்வளவு நம்பகமில்லை. இரத்தத்தில் நடக்கும் மாற்றம் இதில் தெரிய ஐந்து பத்து நிமிடம் பிந்தும். கூடிய அளவு விற்றமின் சி குளிசை எடுத்தால் சில மாதிரிகள் உள்ளதை விட உயர்த்திக் காட்டும். அதனால் பழைய குளுக்கோமீற்றரை எறிந்துவிடாதீர்கள்.

பெரிய குறை விலைதான். ஒரு சென்சரின் காசு என் மாதாந்த மாத்திரைச் செலவை விடக் கூட. ஆகவே மருந்தை மாற்றும்போதும் தீபாவளி, கலியாணச் சாப்பாட்டுக் காலங்களிலும்தான் ஒட்டுகிறேன். 70க்கும் 180க்கும் இடையில் நாளின் 70 சதவீதத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலானோருக்குச் சொல்லப்படும் இலக்கு. வயது போனவர்களுக்கு அது தளரும், வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களின் கணக்கே வேறு. இரவில் சுகர் இறங்குகிற ஆபத்து அவர்களுக்கு உண்டு, கட்டுப்படியானால் தொடர்ந்து போடுவதே நல்லது.

வாங்கப் போனால் முதலில் உங்கள் ஃபோனில் அந்தச் சென்சருக்கான செயலி ஓடுமா என்று பாருங்கள், பிறகு பெட்டியில் காலாவதித் திகதியைப் பாருங்கள்.