பாஸ்டன் காலேஜின் 15 'கோர்' பாடங்கள்: ஒரு அப்பாவின் மதிப்புரை

என் மகள் பாஸ்டன் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் வீட்டுக்கு வரும் ஊர்க்காரர்கள், அடுத்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் காத்திருப்பவர்கள், கேட்பது ஒரே கேள்வி: "கம்ப்யூட்டர் படிக்கப் போற பிள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி இத்தனை தத்துவமும் இறையியலும்?" அவளைச் சேர்க்கும்போது எனக்கும் இதே கவலை இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பாஸ்டன் காலேஜ் 1863-இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் தொடங்கியது. எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தாலும் 15 பொதுப் பாடங்களை முடித்தாக வேண்டும். இதைத்தான் 'கோர்' என்கிறார்கள். தத்துவம், இறையியல், வரலாறு, இயற்கை அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றிலும் இரண்டு. இலக்கியம், எழுத்துப் பயிற்சி, கணிதம், கலை, பண்பாட்டுப் பன்மை இவற்றில் தலா ஒன்று. வரலாற்றில் ஒன்று 1800-க்கு முந்தைய காலம், இன்னொன்று பிந்தைய காலம். பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள்.

முதலில் எழுத்துப் பயிற்சி. பள்ளியில் கட்டுரைக்கு எப்போதும் 'ஏ' வாங்கியவள், இது சுலபம் என்றுதான் நினைத்திருந்தாள். நன்றி தெரிவிப்பு (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரே கட்டுரையின் நான்கு பிரதிகள் பையில் இருந்தன. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் சாப்பாட்டு மேசையில் நான்கையும் வரிசையாகப் பரப்பினாள். முதல் பிரதியின் ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு குறிப்பு. "ஆகவே" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "எதனால்?" என்று எழுதியிருந்தார் ஆசிரியர். இரண்டாவது பிரதியில் அந்தச் சொல் அப்படியே இருந்தது, வட்டமும் இருந்தது. மூன்றாவதில் அந்தப் பத்தியையே காணோம். நான்காவதில் பத்தி திரும்பி வந்திருந்தது, ஆனால் "ஆகவே" தேவைப்படாத மாதிரி காரணம் முன்னாலேயே வந்து நின்றது. ஒரு சொல்லுக்காக ஒரு மாதம். இவ்வளவு பொறுமையாக ஓர் ஆசிரியர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை என் கல்லூரிக் காலத்தில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் இறையியல். நான் பாளையங்கோட்டையில் இயேசு சபைப் பள்ளியில் படித்தவன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு நீதிபோதனை என்று மணி அடித்ததும் தனித்தனி அறைக்குப் போவோம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இங்கே பிரிப்பது கிடையாது. எந்த மதத்துப் பிள்ளையானாலும், மதமே இல்லாத பிள்ளையானாலும் இறையியல் படிக்க வேண்டும், ஆனால் அது வாதம் செய்து படிக்கிற பாடம், நம்பச் சொல்கிற பாடம் இல்லை. பூசைக்கு வரச் சொல்லிக் கட்டாயமும் இல்லை. என் மகளின் அறைத்தோழி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கப் பெண். அந்தப் பெண் எடுத்த இறையியல் பாடத்தில் கிறிஸ்தவத்தோடு சேர்த்துக் கீதையும் வந்தது. பலனை எதிர்பார்க்காமல் எப்படிக் காரியம் செய்ய முடியும் என்று அந்தப் பெண் கேட்க, என் மகளுக்குப் பதில் தெரியாமல் இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. அந்த வாரம் முழுக்க நான் கீதையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கல்லூரிக்கு நம் பக்கத்தோடு ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. நம்மாழ்வாரையும் திருவாய்மொழியின் உரைகளையும் ஆழமாகப் படித்து எழுதிய இயேசு சபை அறிஞர் பிரான்சிஸ் குளூனி, ஹார்வர்டுக்குப் போகுமுன் 1984 முதல் 2005 வரை இங்கேதான் இறையியல் கற்பித்தார். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் 'பல்ஸ்' திட்டத்தைச் சொல்வேன். 1969-இல் தொடங்கியது. ஒரு வருடம் முழுக்க நடக்கும், 12 கிரெடிட். தத்துவம் இரண்டு, இறையியல் இரண்டு என்று நான்கு பாடங்களும் இதிலேயே அடங்கிவிடும். வகுப்பில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், அகஸ்டின் என்று படிப்பதோடு, வாரம் சுமார் பத்து மணி நேரம் பாஸ்டனில் ஏதாவது ஒரு சேவை இடத்தில் வேலை செய்ய வேண்டும். என் மகளுக்குக் கிடைத்தது வீடில்லாதவர்கள் தங்கும் இல்லம். அங்கே ஒரு பெரியவர், அரசு வீட்டுக்கு விண்ணப்பம் நிரப்ப அவளிடம் உதவி கேட்டிருக்கிறார். அன்று இரவு போனில் சொன்னாள்: "அப்பா, அந்த ஃபாரத்துல நிரந்தர முகவரின்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம மேல போக முடியாது. வீடு கேக்குற ஃபாரம்பா அது." அந்த வாரம் வகுப்பில் நடந்தது அரிஸ்டாட்டில் நீதியைப் பற்றிச் சொன்ன பகுதி. யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதில் எது நியாயம் என்ற பேச்சு. அவளுடைய கட்டுரை அந்தக் கட்டத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

இன்று அவள் வேலையே இணையத்தில் ஃபாரம் வடிவமைப்பது. எந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினாலும், இதை நிரப்ப முடியாதவர் யார் என்று முதலில் கேட்கிறாளாம். அவள் மேலாளர் அதைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். நிரல் எழுதுவதை அவள் எந்தக் கல்லூரியிலும் கற்றிருப்பாள். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியது அந்த இல்லத்திலும் அந்த வகுப்பிலும்தான்.

குறை இல்லாமல் இல்லை. கணிதம் ஒன்றே ஒன்று என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இரண்டாவது வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு தலைப்பிலும் தேர்வு ஏராளம். அதனால் 15 பாடங்களையும் முடித்த இரண்டு பேர் பொதுவாக ஒரு புத்தகம்கூடப் படிக்காமல் வெளியே வர முடியும். எல்லோரும் சேர்ந்து படித்த பத்து நூல்களாவது இருந்தால் சாப்பாட்டு மேசைப் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சுலபமான பாடமாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகிற பிள்ளைக்கு இந்தத் திட்டத்தால் பெரிய லாபம் கிடையாது.

செலவு பெரிதுதான். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து, தேவை என்று கணக்கிடும் தொகையை முழுமையாகத் தருகிறார்கள். விலைப்பட்டியலைப் பார்த்து ஒதுங்காமல் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவெடுங்கள்.

சேர்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளை கம்ப்யூட்டரோ அறிவியலோ எடுத்தால், கோர் பாடங்கள் எல்லாவற்றையும் முதல் வருடத்திலேயே அடுக்க விடாதீர்கள், செமஸ்டருக்கு இரண்டு போதும். 'பல்ஸ்' இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், அதற்குள் பாஸ்டன் பஸ்ஸும் ரயிலும் பழகியிருக்கும். முதலாண்டு மாணவர்களுக்கென்றே இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடமாக இணைத்து நடத்தும் கோர் வகுப்புகளும் உண்டு. அதே பிள்ளைகள் இரண்டு பாடத்திலும் சேர்ந்து உட்காருவார்கள். அவை சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கிற நாளில் காலையிலேயே எழுப்பிவிடுங்கள்.