குழந்தையோட ஸ்வான் லேக் பாலே பாத்துட்டு வந்தோம் (மும்பை)

போன ஞாயித்துக்கிழமை மதியம் நாரிமன் பாயிண்ட் பக்கம் ஒரு ஹால்ல ஸ்வான் லேக் பாத்தோம், நான், மாமியார், ஏழு வயசு பொண்ணு. மாட்டுங்கால பரதநாட்டியம் கத்துக்கற குழந்தைக்கு இது புடிக்குமான்னு ஒரு சந்தேகத்தோட தான் டிக்கெட் எடுத்தேன். ரெண்டரை மணி நேரம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது, ஆனாலும் அவ அசையாம உக்காந்து பாத்தா.

அதுக்கு காரணம் முந்தின நாள் ராத்திரி நாங்க பண்ண ஒரு வேலை. பாலேலயும் நம்ம அபிநயம் மாதிரி கையாலயே பேசற பாஷை இருக்கு. மோதிர விரலை தொட்டு காட்டினா கல்யாணம், முகத்தை சுத்தி கையால வட்டம் போட்டா அழகு, தலைக்கு மேல ரெண்டு கையையும் உருட்டினா டான்ஸ், முஷ்டிய முன்னாடி குறுக்க வச்சா சாவு, ரெண்டு விரலை மேல தூக்கினா சத்தியம். நான் தேடி எடுத்து வச்சிருந்தேன், மாமியார் அதை விளையாட்டா மாத்தி கதையோட சேத்து அவளுக்கு சொல்லி குடுத்துட்டாங்க. மூணாவது அங்கத்துல கறுப்பு அன்னமா வந்த மந்திரவாதி பொண்ணு ஒடீலை, தான் காதலிக்கற, சாபத்தால அன்னமா மாறின ஒடெட்னு நெனச்சு இளவரசன் ரெண்டு விரலை தூக்கினான் பாருங்க, என் பொண்ணு கைய இறுக்கி புடிச்சுக்கிட்டு "அம்மா, தப்பான ஆளுக்கு சத்தியம் பண்றான்"னு பதறிட்டா. ஒடெட்டும் ஒடீலும் ஆடறது பெரும்பாலும் ஒரே ஆள் தான், எங்க ஷோலயும் அப்படித்தான், ஆனா பயந்த அன்னமும் மயக்க வந்தவளும் வேற வேற உடம்பு மாதிரியே இருந்துச்சு.

ஒத்த கால்ல 32 சுத்து சுத்தறது அந்த மூணாவது அங்கத்துல தான், 1895 பீட்டர்ஸ்பர்க் தயாரிப்புல இருந்து வர்ற வழக்கம். மாமியார் மெதுவா எண்ணிக்கிட்டே வந்தாங்க, முடிஞ்சதும் முதல்ல கை தட்டினதும் அவங்க தான். ஷூ நுனில மரக்கட்டை வச்சிருப்பாங்கன்னு அவங்க நெனச்சிருந்தாங்க, அது துணியும் பேப்பரும் பசை போட்டு அடுக்கடுக்கா இறுக்கினதுன்னு சொன்னதும் அசந்துட்டாங்க.

சீட் விஷயத்துல ஒண்ணு, கீழ முன் வரிசைக்கு காசு கொட்டாதீங்க. நாங்க பால்கனி முதல் வரிசை எடுத்தோம், அன்னங்க எல்லாம் ஒண்ணா கோடு போட்டு கலைஞ்சு திரும்ப சேர்றது மேல இருந்து பாத்தா கோலம் போடற மாதிரி தெரியுது, அந்த நாலு குட்டி அன்னம் கை கோத்துக்கிட்டு ஆடறதும் அப்படித்தான்.

குறைன்னா இசை ரெக்கார்டிங். இந்த பாலேக்கு இசையமைச்ச சாய்காவ்ஸ்கியோட இசைக்கு ஆர்கெஸ்ட்ரா நேர்ல இருந்திருந்தா உடம்பெல்லாம் சிலிர்த்திருக்கும், ஸ்பீக்கர்ல சத்தம் வேற கொஞ்சம் அதிகம், புக் பண்ற பக்கத்துல இதை தெளிவா போட்டிருக்கணும்.

அப்புறம் முடிவு. ஸ்வான் லேக் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி முடிப்பாங்க, சிலதுல இளவரசனும் ஒடெட்டும் சேந்துடுவாங்க, எங்க ஷோல ரெண்டு பேரும் ஏரில குதிச்சுட்டாங்க. சர்ச்கேட்ல ட்ரெயின் ஏறற வரைக்கும் பொண்ணு அழுதா. அதனால முன்னாடியே கேட்டு தெரிஞ்சுக்கிட்டு கூட்டிட்டு போங்க. அஞ்சு வயசு குழந்தைக்கெல்லாம் நட்கிராக்கர்ங்கற இன்னொரு பாலே தான் சரி, ரெண்டே அங்கம், கிறிஸ்துமஸ் மரம், எலி ராஜா, பொம்மை சிப்பாய்ங்க சண்டைன்னு போகும். டிசம்பர்ல அது மும்பைக்கு வந்தா நாங்க மூணு பேரும் அதே பால்கனி வரிசைல இருப்போம்.